ஹாப்ஸ் வீட்டுத் தபால் பெட்டி

பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்தபோது மளுக்கென்று ஒரு சத்தம். வெர்லின் ஸ்டட்ஸ்மன் இறங்கிப் பார்த்தார். ஹாப்ஸ் வீட்டுத் தபால் பெட்டி கம்போடு சாய்ந்து கிடந்தது.

மாவட்ட நிர்வாகம் பார்க்கும் கவுண்டி கமிஷனர் பதவிக்கு அவர் நிற்பது இது இரண்டாவது முறை. போன தடவை ஒன்பதே ஓட்டில் தோற்றவர். ஹாப்ஸ் வீட்டில் நாலு ஓட்டு. நோட்டீஸ் கொடுத்து, கைகுலுக்கி, அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிருந்தது.

"விடுங்க வெர்லின், சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் நட்டுக்குவார்," என்றாள், வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்ற லொரெட்டா ஹாப்ஸ்.

"அதெப்படிக்கா? இடிச்சவன் நானு. அஞ்சே நிமிஷம்."

வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துப் புதுக் குழி தோண்டினார். மூன்றாவது குத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. பீய்ச்சியடித்த தண்ணீரில் அவர் தொப்பி பறந்தது.

"பதறாதீங்க. கொட்டகைக்குப் பின்னால வால்வு இருக்கு. நான் போய் மூடிட்டு வர்றேன்."

"அதுக்குள்ள எவ்வளவு தண்ணி வீணாகும்! இருங்க!"

பக்கத்து வேலியிலிருந்து ஒரு முளையைப் பிடுங்கிக் குழாயில் அடித்து இறக்கினார். தண்ணீர் நின்றுவிட்டது. பெருமையோடு நிமிர்ந்தார். வேலிக் கம்பி தொய்ந்த இடத்தில் பதினோரு கிடேரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தன.

வெர்லின் வண்டிக்கு ஓடினார்.

"ஹார்ன் மட்டும் அடிச்சிராதீங்க..." என்றாள் லொரெட்டா.

அடித்துவிட்டார். அத்தனையும் நேராகப் பூசணித் தோட்டத்தில் புகுந்தன. சனிக்கிழமை பூசணிப் போட்டிக்குப் போகவேண்டிய பெரிய பூசணியை ஒரு கிடேரி நிதானமாகத் தின்னத் தொடங்கியது.

லொரெட்டா காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"வேற ஏதாவது..." என்று வெர்லின் இழுத்தார்.

"ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குக் கிளம்புங்க. பார்த்து ரிவர்ஸ் எடுங்க."

நாலு ஓட்டு போச்சு என்று முடிவு கட்டினார். விஷயம் பரவினால் அந்த ரோடே போச்சு. தேர்தல் முடியும்வரை அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

தேர்தல் நடந்த மறுநாள் காலை, கோர்ட் வளாகத்துப் பலகையில் ஒட்டியிருந்த தாளை அவர் மூன்று முறை படித்தார். ஜெயித்திருந்தார். அதுவும் நாற்பது ஓட்டு வித்தியாசத்தில். ஹாப்ஸ் வீட்டு ரோட்டில் பதிவான அறுபத்திரண்டு ஓட்டும் அவருக்கே விழுந்திருந்தது.

வெர்லினுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த டோரீன் அந்த ரோட்டுக்காரி.

"பார்த்தியா டோரீன்? ஒருத்தர் பாக்கியில்லாம போட்டிருக்காங்க. என்ன மனசு!"

"லொரெட்டாதான் வீடு வீடா போன் போட்டுச் சொன்னா," என்றாள் டோரீன். "'எப்படியாவது அந்த மனுஷனை ஆபீஸ்ல உட்கார வெச்சிருங்க, இல்லேன்னா அடுத்தது உங்க வீட்டுக்குத்தான் உதவி பண்ண வருவாரு'ன்னு."