இரண்டு பேட்டரியும் இடது புருவமும்

“மே மாதம், சனிக்கிழமை, பிற்பகல். வெயில் கடுமை. கரண்ட் இல்லை. பேட்டரிகள் பாறைமேல் தயார். எல்லாம் திட்டப்படி.”

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இத்துடன் நிற்கிறது. அடுத்த வரியை எழுதவில்லை. பேனா உருகிவிட்டது.

எதையும் நடந்த அன்றே தேதி போட்டு எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. (புது விளக்குமாற்றின் கைப்பிடியில்கூட வாங்கிய தேதியை எழுதுகிறேன் என்று என் மனைவி பிலோமினா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். உண்மைதான். அது எத்தனை நாள் உழைக்கிறது என்று தெரிய வேண்டாமா?) அப்படிப்பட்டவன் கையில் லித்தியம் பாலிமர் பேட்டரி கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

செஞ்சியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. மே மாதத்தில் அங்கே மாதா சப்பரம் புறப்படும். பிலோமினாதான் பாட்டுக்குழுவின் தலைவி. ஆனால் சப்பரத்துக்குப் பின்னாலேயே ஜெனரேட்டர் வண்டி வரும். அது போடுகிற சத்தத்தில், அவள் பாடுகிறாளா, யாரையாவது திட்டுகிறாளா என்று பக்கத்தில் நடப்பவர்களுக்கே தெரியாது. சப்பர ஜோடிப்பு எங்கள் தெருவின் முறைக்கு வந்த வருடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஒரே ஒரு வருஷம் என் பாட்டு எனக்காவது கேக்கணுங்க.”

நான் வாக்குக் கொடுத்தேன். ஜெனரேட்டரே வேண்டாம், பேட்டரியில் எல்.இ.டி. விளக்கு, சத்தமே இருக்காது என்றேன். தெருக்காரர்கள் வியந்தார்கள். அவர்கள் வியந்ததில் நானும் என்னை வியந்துகொண்டேன்.

பிலோமினாவின் தம்பி அந்தோணி சென்னையில் இருக்கிறான். பொம்மை விமானம் பறக்கவிடுவது அவன் பொழுதுபோக்கு. அவனிடமிருந்து இரண்டு பேட்டரி வந்தது. விளக்குப் பட்டைக்கு இருபத்து நான்கு வோல்ட் வேண்டும். ஒரு பேட்டரி அதில் பாதிதான் தரும். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு இணைத்தால் இரண்டின் வோல்ட்டும் கூடிவிடும். இதைத்தான் சீரிஸ் என்கிறார்கள். நான் முறைப்படி எல்லாவற்றையும் படித்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே வயது, ஒரே அளவு சார்ஜ் இருக்க வேண்டும். சரிபார்த்தேன். வீட்டுக்குள் சார்ஜ் போடக் கூடாது. கொல்லையில் வடகம் காயவைக்கும் பாறை இருக்கவே இருக்கிறது. பக்கத்தில் மணல் வேண்டும். இரண்டு வாளி வைத்தேன். விட்டுவிட்டு எங்கும் போகக் கூடாது. நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அந்தோணி போனிலும் ஒருமுறை விளக்கினான்; ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். “மாமா, முக்கியமா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க” என்று அவன் ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அந்த முக்கியமான ஒன்றை அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன் போன் செய்த தேதியையும் நேரத்தையும் நான் குறித்துக்கொண்டிருந்தேன்.

சப்பரம் புறப்பட வேண்டிய சனிக்கிழமை மதியம் கரண்ட் போய்விட்டது. பேட்டரிக்கு வெயில் ஆகாது என்று படித்திருந்ததால், நான் வெயிலில் உட்கார்ந்து அதற்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கொல்லையை ஒட்டிய சாலையில் ஒரு குட்டி யானை வண்டி நின்றது. மேலே ஜெனரேட்டர். உள்ளிருந்து அதன் சொந்தக்காரர் தேவராஜ் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், குஞ்சு பொரிக்கிதா?”

“விளக்குக்கு பேட்டரி” என்றேன் கம்பீரமாக.

“மலையனூர் அம்மன் கோயில்ல இன்னிக்கு அமாவாச. வண்டிய அங்கதான் எட்துகினு போறேன். கடைசியா கேக்குறேன், வேணுமா வேணாவா?”

“இனிமேல் செஞ்சியில் யாருக்குமே வேண்டியிருக்காது” என்றேன். (இதை நான் சொல்லவில்லை என்று பல காலம் சாதித்தேன். பிலோமினா சமையலறை ஜன்னலில் நின்று கேட்டிருக்கிறாள்.)

தேவராஜ் சிரித்துக்கொண்டே போனார். கரண்ட் வந்தது.

இந்தப் பேட்டரி ஒவ்வொன்றிலும் பருமனான ஒயரைத் தவிர, சின்ன வெள்ளைப் பிளக்கோடு மெல்லிய ஒயர்க் கொத்து ஒன்றும் இருக்கும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு செல்லும் சமமாக ஏறுகிறதா என்று சார்ஜர் பார்ப்பதற்கு அது. இரண்டு பேட்டரியையும் ஒன்றாக ஏற்ற ஒரு பலகையும் உண்டு. வெள்ளைப் பிளக்குகளை அதில் செருக வேண்டும். அந்தோணி சொன்ன, நான் காதில் வாங்காத முக்கியமான விஷயம் இதுதான்: பலகையில் செருகுவதற்கு முன்னால் சீரிஸ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். நானோ அந்த இணைப்பின்மேல் அவ்வளவு நேர்த்தியாக டேப் சுற்றி, தேதியும் எழுதியிருந்தேன். அதைப் பிரிக்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

சீரிஸில் ஒன்றின் தலை மற்றதன் காலோடு கட்டியிருக்கிறது. பலகையோ தலையைத் தலையோடும் காலைக் காலோடும் கட்டுகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தால், ஒருவரே இன்னொருவருக்கு மாமனாராகவும் மருமகனாகவும் ஆகிவிடுகிறார். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இதையும் சமாளித்துவிடும். பேட்டரியால் முடியாது.

முதல் பிளக் ஏற்கெனவே பலகையில் இருந்தது. பேனாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டாவதைச் செருகினேன். பளிச்சென்று ஒரு பொறி. மெல்லிய ஒயரெல்லாம் சிவந்து உருகியது. பேட்டரி பூரி மாதிரி உப்பியது. எந்தப் பேட்டரி முதலில் உப்புகிறது என்று குறித்துக்கொள்ளலாமென்று நான் குனிந்தேன். (ஆமாம், குனிந்தேன்.) உஸ்ஸென்று ஒரு சீறல், வெள்ளைப் புகை, அதன் பின்னால் தீ.

சட்டைக் காலரைப் பிடித்து யாரோ என்னைப் பின்னால் இழுத்தார்கள்.

“கிட்ட போவாதீங்க. அந்தப் பொகைய மோந்துடாதீங்க. தம்பி படிச்சிப் படிச்சி சொன்னான் இல்ல?”

போனில் அவன் சொன்னதை பிலோமினா முழுதாகக் கேட்டிருக்கிறாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். புகை வராத பக்கமாக நின்று இரண்டு வாளி மணலையும் கொட்டியது அவள்தான். எரிந்து முடியும்வரை இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். குடை போயிற்று, பலகை போயிற்று. வீட்டுக்குள் வந்து கண்ணாடியில் பார்த்தபோது இடது புருவமும் போயிருந்தது.

இரவு சப்பரம் புறப்பட இன்னும் சில மணி நேரமே இருந்தது. தேவராஜுக்குப் போன் செய்தேன். பின்னணியில் உடுக்கையும் கூட்டமும் கேட்டன.

“சார், ஆத்தாகிட்டருந்து கரண்ட்டப் புடுங்கினு வரச் சொல்றீங்களா? மாதாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க.”

வேறு ஜெனரேட்டருக்கும் சொல்லிப் பார்த்தோம். அமாவாசைக்கு எல்லாம் மலையனூர் போயிருந்தன. பிலோமினா கண் மையை எடுத்து எனக்கு ஒரு புருவம் வரைந்துவிட்டாள். பிறகு கோயிலில் இருந்த மெழுகுவத்திகளையெல்லாம் எடுத்துக் காகிதக் கோப்பைகளில் பொருத்தித் தெருவுக்கே கொடுத்தாள். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை.

நிலவில்லாத இருட்டில் சப்பரம் நகர்ந்தது. அவள் பாடத் தொடங்கினாள். தெருவின் இந்தக் கோடியில் பாடியது அந்தக் கோடிக்குக் கேட்டது. வீடுகளிலிருந்து ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். இரண்டாம் சரணத்தில் அவள் இரண்டு வரிகளை முன்பின்னாக மாற்றிப் பாடியதும் எல்லாருக்கும் துல்லியமாகக் கேட்டது. இத்தனை வருடமும் அப்படித்தான் பாடியிருக்கிறாள்; ஜெனரேட்டர் காப்பாற்றியிருக்கிறது. முடிந்ததும் மெதுவாக அதைச் சொன்னேன்.

“பரவால்ல வுடுங்க. கேட்டுச்சு இல்ல?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வேர்வையில் வரைந்த புருவம் கன்னத்துக்கு வந்திருந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தது, சப்பரம் தூக்கியவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து எங்கள் தெருச் சப்பரத்துக்கு ஜெனரேட்டர் வருவதில்லை. இன்றுவரை யாரும் என் கையில் மெழுகுவத்தி கொடுப்பதும் இல்லை.

பாறையில் அந்தக் கறுப்புத் தடம் மட்டும் போகவில்லை. சென்ற மாதம் ஒரு வழிகாட்டி, செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் சிலரைச் சாலையில் நிறுத்தி அதைக் காட்டிக்கொண்டிருந்தார். ராஜா காலத்தில் பீரங்கி வெடித்த தடமாம். வரலாற்றைத் திருத்தும் வேகத்தில் நான் கொல்லைக் கதவைத் திறந்தேன். அப்போது அவர் மேலும் சொன்னார்: வெடித்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், பீரங்கிக்காரனுக்கு உயிர்ச்சேதம் இல்லை, இடது புருவம் மட்டும் போய்விட்டது.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தேன். பிலோமினா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை. வழிகாட்டிக்கு இந்தத் தகவலைக் கொடுத்தவர் யார் என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.