ராய்சைக் கண்டால் ஓடுகிறவன்

டல்லி, ராய்சுக்குத் தர வேண்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் அறுபது சென்ட். ஊரில் இது தெரியாத ஒரே ஆள் கோச் மெர்வ்தான்.

மெர்வுக்கு அன்று வேறு கவலை. இந்த ஆட்டத்திலும் தோற்றால் அடுத்த வருஷம் கிளப்பே இருக்காது. பக்கத்து ஊர்க் கிளப்போடு சேர்த்துவிடுவார்கள். எதிரே ஆடிக்கொண்டிருந்ததும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஆட்டம் ஆஸ்திரேலியக் கால்பந்து; பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் கோலை உதைத்துத்தான் போட வேண்டும்.

உருப்படியாக இருந்தது இரண்டே ஆள். டல்லி முயல் மாதிரி ஓடுவான். உதைத்தால் பந்து கோல் கம்பங்களை விட்டுவிட்டு வேலியோரம் நிற்கும் வண்டிகளைத் தேடிப் போகும். ராய்ஸ் ஐம்பது மீட்டரிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் கோல். ஆனால் கோதுமை மூட்டைகூட அவனைவிடச் சீக்கிரம் நகரும்.

"ரொம்ப சுலபம்டா," என்றார் மெர்வ். "டல்லி, நீ பந்தைத் தூக்கிட்டு ஓடு. ராய்ஸ் கிட்ட போனதும் கையால குத்திக் குடு. மிச்சத்தை அவன் பாத்துப்பான்."

டல்லி பந்தைத் தரையில் தட்டித் தட்டி ஓடினான். மூன்று பேரைத் தாண்டினான். எதிரே ராய்ஸ், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

"டல்லி! எங்கடா என் காசு?"

டல்லி சட்டென்று வலப்பக்கம் ஒடித்து, வேலிவரை ஓடி உதைத்தான். ஒரு வண்டியின் கண்ணாடி போயிற்று.

தூரத்தில் நின்ற மெர்வுக்குப் பேச்சு கேட்கவில்லை. ராய்சை வலப்பக்கம் மாற்றினார். டல்லி இடப்பக்கம் ஓடினான். நடுவில் நிறுத்தினார், டல்லி வேலியோரமாகவே மைதானத்தைச் சுற்றி வந்தான். நெட்டை ஆள் ஒருவனுக்குப் பின்னால் ராய்சை ஒளித்து வைத்தார். பத்தடியில் கண்டுகொண்ட டல்லி அலறித் திரும்பி, சொந்த கோலை நோக்கியே ஓடினான்.

எதிரணிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ராய்ஸ் நிற்கும் இடத்துக்குப் பந்து வராது. அவனைக் காவல் காத்தவனும் விட்டுவிட்டு ஆட வந்துவிட்டான். இப்போது அவர்களுக்கு ஓர் ஆள் கூடுதல். அப்படியும் டல்லியின் ஓட்டத்தால், ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி முடிவில் நான்கே புள்ளிதான் பின்தங்கல். கோலுக்கு ஆறு புள்ளி; ஒரே ஒரு கோல் போதும்.

இடைவேளையில் மெர்வ் மைதானத்துக்குள் பாய்ந்தார். "என்னடா பிரச்சினை உனக்கு?"

தண்ணீர் கொடுக்க வந்த ஷர்லியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி டல்லி உண்மையைச் சொன்னான். ஷர்லி, ராய்சின் மனைவி.

"இவ்வளவுதானா!" மெர்வ் சட்டைப்பையிலிருந்து ஆடு விற்ற பணத்தை எடுத்தார். நோட்டுகளை எண்ணி ராய்ஸ் கையில் வைத்தார். "ஷர்லி, அறுபது சென்ட் இருந்தா குடு."

"மெர்வ், வேண்டாம்ப்பா. நல்லா யோசிச்சுக்கோ."

"நீ தண்ணி குடுக்கற வேலையைப் பாரு. ஆட்டத்தை நான் பாத்துக்கறேன்."

ஷர்லி பெருமூச்சோடு சில்லறையைக் கொடுத்தாள். கடன் தீர்ந்தது. டல்லியும் ராய்சும் கட்டிக்கொண்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. பந்து டல்லியின் கைக்கு வந்தது. அவன் சீட்டியடித்துக்கொண்டு ராய்சை நோக்கி நடந்தான். மூன்றாவது எட்டில் நான்கு பேர் அவன்மேல் விழுந்தார்கள்.

"ஓடுடா!" என்று கத்தினார் மெர்வ்.

"எதுக்கு கோச்?" அடியிலிருந்து குரல் வந்தது. "இப்பதான் மனுஷன் நிம்மதியா நடக்கறேன்."

முப்பத்தெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. பக்கத்து ஊர் வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. மெர்வ் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஷர்லி தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

"மூணு வருஷமா டல்லி வேகம் எப்பெல்லாம் குறைஞ்சுதோ, அப்பெல்லாம் ராய்ஸ் பேரைச் சொல்லி அவனுக்கு இன்னும் அம்பது டாலர் கடன் குடுத்தது நான்தாம்ப்பா."