மிதி மேஸ்திரியின் முன்பற்கள்

இந்த உலகத்தில் மேடு என்று ஒன்று எங்கே இருந்தாலும், அதைத் தினமும் மிதித்துக்கொண்டே இருந்தால் சமமாகிவிடும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் மிதி மேஸ்திரி. அவருக்கு வேறு பெயர் உண்டு. அது ரேஷன் கார்டுக்கும் அவருடைய மாமியாருக்கும் மட்டுமே தெரியும்.

மரக்காணம் உப்பளத்தில் மழை முடிந்ததும் முதல் வேலை பாத்தி மிதிப்பது. மழையில் குழைந்துபோன களிமண் தரையை ஆட்கள் வரிசையாக நின்று நாள்கணக்கில் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் அதன்மேல் விளையும் உப்பில் சேறு ஒட்டாது. மேஸ்திரி நின்று மிதித்த பாத்தியில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

அந்தப் பெருமை அவர் தலைக்கு ஏறிவிட்டது. வீட்டில் கதவு கோணிக்கொண்டபோது தச்சரைக் கூப்பிடவில்லை. கதவைக் கழற்றித் தரையில் போட்டு ஒரு மாதம் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். கதவு நேராகிவிட்டது. அந்த ஒரு மாதமும் தெருவிலுள்ள ஆடுகள் அவர் வீட்டுக்குச் சொந்தக்காரர்களைப் போல வந்துபோயின.

நான் அதே உப்பளத்தின் சோதனை அறையில் இருந்தேன். சோதனை அறை என்றால் ஒரு மேசை, ஒரு ஜாடி, உப்புநீரின் அடர்த்தி பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய், அப்புறம் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த நான். அளத்தில் படித்த மனிதன் நான் ஒருவன்தான். நடந்த தவறுக்கும் அதுதான் காரணம்.

மேஸ்திரியின் மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையைவிட ஒரு விரற்கடை முன்னால் நின்றன. அவர் சிரித்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பஸ்ஸுக்கே கேட்கும். ஆனால் சிரிப்பு கிளம்புவதற்குள் கை எழுந்து வாயை மூடிவிடும். மகன் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் விடாமல் வாயில் கையோடு நிற்கிறார். பந்தியில் ஏதோ கெட்டுப்போனதைத் தின்றுவிட்டவர் மாதிரி இருக்கும்.

மகள் ரேவதிக்கு வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமானது. அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, என் கல்யாண போட்டோவுலயும் வாயில கை வச்சினு நின்னே, உன்னைக் கட் பண்ணிட்டுதான் பிரேம் போடுவேன்."

மறுநாள் மேஸ்திரி என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சார், ஒரு மாசம் மிதிச்சா களிமண்ணே கண்ணாடியாட்டம் ஆவுது. பல்லு ஆவாதா?"

"யாரு பல்லு?"

"என்னுதுதான் சார். டெய்லி ஆயிரம் வாட்டி கட்டைவிரலால உள்ள அமுக்கப் போறேன். நீங்க படிச்சவரு. இதுல தப்பு எதுனா இருக்குதா?"

நான் சொல்லியிருக்க வேண்டியது, "போய்ப் பல் டாக்டரைப் பாருங்கள்" என்பது. சொன்னது இது: "லாஜிக் சரியாத்தான் இருக்குது மேஸ்திரி. ஆனா வாராவாரம் அளந்து பாக்கணும்."

டீக்கடையில் சொல்ல ஒரு கதை கிடைக்கும் என்ற ஆசை. வேறு காரணம் எதுவும் இல்லை.

மாசியில் வேலை தொடங்கியது. கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டே ஆட்களை ஏவினார். சொன்னதில் பாதி புரிந்தது. மீதியை அவரவர் வசதிப்படி செய்துகொண்டார்கள். சனிக்கிழமை தோறும் சோதனை அறைக்கு வந்து வாயைத் திறப்பார். நான் கல்லூரி நாளிலிருந்து வைத்திருந்த வெர்னியர் காலிப்பர் என்ற அளவுகருவியைத் துடைத்து, ஒரு கண்ணை மூடி, பெரிய விஞ்ஞானி மாதிரி அளப்பேன். அளவு ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

"அரை மில்லிமீட்டர் குறைஞ்சிருக்குது," என்று சொன்னேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த வாரம் அமுக்கல் இரண்டாயிரம் ஆனது. மறுபடி அரை மில்லிமீட்டர் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, முன்பல்லில் மாட்டிப் பின்மண்டை வழியாக இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அதற்கும் அரை மில்லிமீட்டர். டீக்கடையில் என் கதைக்கு நல்ல வரவேற்பு.

அவர் மனைவி அஞ்சலைக்கு மட்டும் பொறுக்கவில்லை. அளத்துக்கே வந்து சத்தம் போட்டாள்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க கிளியனூர்லேர்ந்து பத்திரிகை பாக்க வர்றாங்க. இந்தாளு மூஞ்சில டியூப் மாட்டினு நிக்கிறான். ஏன்யா, பஞ்சரா உனக்கு?"

"நீ சும்மா இரு. சாரே அளந்து சொல்லிட்டாரு."

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவசரமாக ஜாடியில் அடர்த்தி பார்த்தேன். ஜாடி காலியாக இருந்தது.

சித்திரையில் ஒரு மத்தியானம், மாங்காயைக் கடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி பாதித் துண்டோடு ஓடி வந்தார். வரப்பில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"சார்! அசையுது சார்! பல்லு அசையுது! வேலை செய்யுது சார்!"

நடுப்பல்லை விரலால் ஆட்டிக் காட்டினார். ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

"மிதிக்கிறப்போ மண்ணு முதல்ல இளகும், அப்புறம்தானே இறுகும்? இன்னும் பத்து நாள் சார்!"

அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தின் முன்னால் அவ்வளவு பயத்தோடு நான் நின்றதே இல்லை. அவர் கழுத்தில் தொங்கிய டியூபைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவரை ஸ்கூட்டரில் ஏற்றித் திண்டிவனம் போனேன்.

பல் டாக்டர் ஓர் இளம்பெண். வாயைப் பார்த்தவர் திகைத்துப்போனார். "யாருங்க இந்த ட்ரீட்மென்ட் குடுத்தது?"

"நான்தாங்க பண்ணிக்கினேன். சார் அளந்தாரு," என்று மேஸ்திரி பெருமையாக என்னைக் காட்டினார்.

"நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?"

"வேதியியல்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆடிய பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் கட்டினார். "பல்லை உள்ளே கொண்டுவரலாம். ஆனா அதுக்கு ஒன்றரை வருஷம் ஆகும், டாக்டர் கண்காணிப்புல நடக்கணும். விரலால அமுக்கினா பல்லுதான் போகும். இனிமே கை வைக்காதீங்க. ஒரு மாசத்துக்குக் கஞ்சிதான்."

"டாக்டரம்மா, கட்டுறதுதான் கட்டுறீங்க. கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டுங்களேன்."

"வாயை மூடுங்க."

திரும்பும் வழியில் பெருமுக்கல் அருகே டீக்கடையில் நிறுத்தினேன். மேஸ்திரி ஓரமாக ஊதி ஊதிக் குடித்தார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே வாரம்.

"மேஸ்திரி, பல்லு ஒரு நாளும் குறையல. எட்டு வாரமும் நான் பொய் சொன்னேன். தமாஷுக்கு."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நானும் ஒண்ணு பண்ணேன் சார். வாராவாரம் பாத்திக் களிமண்ண உருண்டை புடிச்சு, கடிச்சுப் பாத்து, வரப்புல காய வச்சேன். எட்டு உருண்டையிலயும் பல்லு பதிஞ்ச தடம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? படிச்சவரு குறைஞ்சிதுன்றாரு, களிமண்ணுதான் சரியில்லன்னு எட்டையும் தூக்கிக் கடாசிட்டேன். முப்பது வருஷமா கால்ல மிதிச்ச மண்ணு சார். அதை நம்பல, உங்களை நம்பினேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது சாலையே அதிரும்படி ஒரு சிரிப்பு எழுந்தது.

"அந்த டாக்டரம்மா, என்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டுச்சே, அப்போ உங்க மூஞ்சிய பாக்கணும் சார்! டியூப் மாட்டினு நானே அப்படி இல்ல!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு கையும் வயிற்றில் இருந்தன. கம்பி வெயிலில் மின்னியது.

வீட்டு வாசலில் ரேவதி காத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"ஏம்பா, கைய எடுன்னுதானே சொன்னேன்? பல்ல எடுன்னா சொன்னேன்?"

கல்யாணத்தன்று மேடையில் படம் எடுக்கும் நேரம். மகள் அவருடைய இடக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கூப்பிட்டார்.

"சார், மேல வாங்க. இந்தக் கைய நீங்க புடிச்சுக்குங்க. இல்லன்னா தானா வாய்க்குப் போயிடும்."

"உங்க குடும்ப போட்டோ மேஸ்திரி. நான் எதுக்கு?"

"எட்டு வாரம் என் வாய்க்குள்ள நின்னுட்டு, இப்போ வெக்கப்படுறீங்களே!"

நான் ஏறிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். உப்பில் காய்ந்து பலகையாகிப்போன கை. சிரிப்பு கிளம்பும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் ஒரு முறை மேலே எழுந்து, என் கையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி கீழே இறங்கியது. பற்கள், கம்பி, ஈறு எல்லாம் தெரிய மேஸ்திரி சிரிக்கிற அந்தப் படத்தை ரேவதி பிரேம் போட்டு எனக்கும் ஒன்று கொடுத்தாள். யாரையும் அவள் கட் பண்ணவில்லை, என்னைக்கூட.

படம் எடுத்து முடித்ததும், "சார், போதும், கைய விடுங்க, அடுத்த குரூப் நிக்குது," என்று போட்டோக்காரர் இரண்டு முறை கத்தினார். நான் விடவில்லை.