சூரியன் ஆஜராகாத கூட்டம்

மனிதகுல வரலாற்றில் சூரியனை விசாரணைக்கு அழைத்த முதல் குழு, பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாவது மாடியில் இயங்கும் எங்கள் 'கடல் சூடு விசாரணைக் குழு'தான். அந்த மாபெரும் கூட்டத்தின் குறிப்பை எழுதும் பேறு எனக்கு வாய்த்தது.

அன்று அறையின் வெப்பநிலை பதினாறு டிகிரி. கடலின் சூட்டை நிதானமாக ஆராயக் குளிர்ச்சி அவசியம் என்பது தலைவர் டத்தோ கமலநாதனின் கொள்கை. ஏர்கோனைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. என்னையும் சேர்த்து ஐந்து உறுப்பினர்களும் நாற்காலி முதுகில் நிரந்தரமாக ஆளுக்கொரு ஸ்வெட்டர் மாட்டி வைத்திருக்கிறோம். கீழே தெருவில் டத்தோவின் கார் எஞ்சின் அணையாமல் நின்றது. இரண்டு மணி நேரம் உலகத்துக்காக உழைத்தவர் திரும்பி ஏறும்போது இருக்கை சுடலாமா?

மனுதாரர் சீதாலெட்சுமி, கிள்ளான் கடலோரத்தில் கூண்டு போட்டு சியாக்காப் மீன் வளர்ப்பவர். ஏப்ரலில் ஒரே வாரத்தில் தண்ணீர் சூடாகி, மூவாயிரம் மீன்களும் வயிறு மேலாக மிதந்துவிட்டன. எங்கள் பாரத்தில், அதாவது தீர்ப்புப் படிவத்தில், 'காரணம்: மனிதர்' என்று எழுதினால் அவருக்குப் புது மீன்குஞ்சுகள் கிடைக்கும். 'காரணம்: இயற்கை' என்று எழுதினால் எங்கள் ஆழ்ந்த அனுதாபம் கிடைக்கும்.

“கடல சூடாக்கினது யாரு?” டத்தோ விசாரணையைத் தொடங்கினார்.

பொறியாளர் ஷபீர் ஸ்வெட்டர் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். “சூரியன்தான் டத்தோ. இதுக்கு ஆராய்ச்சியே வேணாம்லா.”

“சூரியன் எங்கப்பா காலத்துலயும் இதே சூரியன்தானே?” என்றார் சீதாலெட்சுமி. ஸ்வெட்டர் இல்லாத அவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கினார். “வெயில் கடல்ல இறங்கும், கடல் அந்தச் சூட்ட மறுபடி மேல விட்டுரும். இப்ப வண்டி, ஃபேக்டரி, கரண்டுக்கு எரிக்கிற நிலக்கரி, எல்லாத்தோட வாயுவும் மேல தேங்கி நிக்குது. போற சூட்ட அது புடிச்சுக் கீழ திருப்பி விடுது. அப்படி மிச்சமாவுற சூட்டுல பத்துல ஒம்பது பங்கு கடலுக்குத்தான் வருது.”

“அக்கா, அந்த வாயுவ யாராச்சும் கண்ணால பார்த்தாங்களா?” ஷபீர் கேட்டார்.

சீதாலெட்சுமி டத்தோ பக்கம் திரும்பினார். “கீழ உங்க காரு ஏன் ஓடிக்கிட்டே இருக்கு டத்தோ?”

“அணைச்சா உள்ள அடுப்பு மாதிரி ஆயிரும்மா.”

“வெளியவும் அதே வெயில்தானே? உள்ள மட்டும் ஏன் அடுப்பு?”

“கண்ணாடி மூடியிருக்குல்ல? உள்ள வந்த சூடு வெளிய போவாது.”

“அவ்வளவுதான் டத்தோ. என் மீனுங்க மூடின காருக்குள்ள செத்துப்போச்சு.”

டத்தோ கண்களை மூடிச் சிந்தித்தார். பிறகு, நான் குறிப்பில் இருமுறை அடிக்கோடிடும்படி ஒரு சட்ட நுணுக்கத்தை வெளியிட்டார்.

“காருக்குள்ள செத்திருந்தா அது போக்குவரத்து இலாகா விஷயம். நமக்கு அதிகாரம் இல்ல.”

ஆகவே சூரியனை அழைப்பதென்று முடிவாயிற்று. இயற்கை நீதியின்படி எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டுமல்லவா? ஷபீர் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். உடனே வெயில் உள்ளே வந்து மேசைமேல், கறிப்பாப் பலகாரத் தட்டுவரை படர்ந்தது.

“கண்ணு கூசுது, மூடுலா!” என்றார் டத்தோ.

ஷபீர் மூடினார். 'எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை' என்று நான் பதிவு செய்தேன். பாரத்தில் 'காரணம்: இயற்கை' ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டினோம்; குளிருக்கு அது கொஞ்சம் சூடாகவும் இருந்தது.

சீதாலெட்சுமி புறப்படும்போது, தீர்மானத்தின் நகலைப் பணிவோடு நீட்டினேன்.

“இது வேணாம் தம்பி. இன்னிக்குக் கூட்டத்துக்கு வந்தவங்க கையெழுத்துப் போட்ட தாள் இருக்கே, அதுல ஒரு நகல் குடுங்க.”

“அது எதுக்குக்கா?”

“மேல அப்பீல் பண்ணப்போறேன். காரணம் எழுதுற இடத்துல இதத்தான் ஒட்டணும்.”

எடுத்துக் கொடுத்தேன். அதில் சூரியனின் பெயர் இல்லை. ஐந்தாவது வரிசையில், முத்து முத்தான எழுத்தில், என் பெயர் இருந்தது.