தீர்த்தப் போத்தலும் தங்குதன் கூடும்

ஒரு பொருளைப் பற்றி அதிகம் படித்தவருக்கு அதை நேரில் கண்டால் அடையாளம் தெரியாது. இதற்கு நானே சாட்சி.

விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வு, துறைமுகத்துக்கு அருகே ஒரு கட்டடத்தில். பாடத்தைப் பரிசோதனையோடு விளக்கச் சொல்லியிருந்தார்கள். என் ஆய்வு தங்குதன் என்ற உலோகத்தின் ஒட்சைட்டுக் கூடுகள் பற்றியது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஓர் அயன் அகப்பட்டுக் கிடக்கும். அது ஒரு துரும்பையும் அசைக்காது. ஆனால் கூடு வெயிலை வாங்கி, கரைசலில் உள்ள மதுசாரத்திடம் இலத்திரனைப் பறித்து நீலமாவது விரைவாகவா மெதுவாகவா என்பது அதன் கையில்தான். (எங்கள் வீட்டில் அப்பாவும் அப்படித்தான்.)

தண்ணீர்போல் நிறமற்ற கரைசலோடு இரண்டு போத்தல்கள் தயார் செய்திருந்தேன். உள்ளே பொசுபேற்று அகப்பட்டது சட்டென்று நீலமாகும். சிலிக்கேற்று அகப்பட்டது ஆறுதலாக, மெல்ல மெல்ல. சிலிக்கேற்றுக்கு மட்டும் மூடியில் சிவப்பு நாடா. மற்றதற்கு அடையாளம் எதற்கு என்று நினைத்த மேதை நான்.

புறப்படும்போது அம்மா தீர்த்தம் தொட்டு என் நெற்றியில் சிலுவை போட்டார். தீர்த்தம் இருந்ததும் நான் முன்பு கொடுத்த ஆய்வுகூடப் போத்தலில்தான். அதை மேசையில் என் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே உப்புவெளி பஸ் ஹோண் அடித்தது. இரண்டை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

விறாந்தை வெயிலில் வைத்து, "முதலில் நீலமாவது இதுதான்" என்று நாடா இல்லாததைக் காட்டினேன். சிலிக்கேற்று மெல்ல நீலமானது. மற்றது வெறும் தண்ணீராகவே நின்றது.

"நீங்கள் சொன்னதுக்கு மாறாயெல்லோ நடக்குது," என்றார் தலைமை தாங்கிய பேராசிரியை.

"இண்டைக்கு முகில், மேடம்," என்றேன். வானத்தில் மருந்துக்கும் முகில் இல்லை.

அப்போது பார்த்துக் கைபேசி அடித்தது. "எடுங்கோ, இனி என்ன," என்றார் அவர். அம்மாதான். அவர் கதைத்தால் கடலுக்கு அந்தப் பக்கம் மூதூர் வரை கேட்கும்.

"பிள்ளை, மாதா படத்துக்கு முன்னால வைச்ச தீர்த்தம் வெயில் பட்டு நீலமாப் போச்சு. மாதாட நிறம். வேலை உனக்குத்தான். ஃபாதருக்கும் சொல்லியனுப்பீட்டன்."

"அம்மா, அதைத் தொடாதேங்கோ. அது பொசுபேற்று."

"படிச்ச திமிரில கதையாத."

பேராசிரியை நாடா இல்லாத போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப இது தீர்த்தமோ?"

"ஓம்."

"பரிசோதனை சரிதான் பிள்ளை. உங்கட வீட்டில நடந்திருக்கு."

வேலை கிடைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் வெட்கம் கெட்டு அழுதேன். அடுத்த தடவை, இரண்டு மூடியிலும் நாடா ஒட்டிக்கொண்டு போய், அதே வேலையை வாங்கினேன்.

போன வருடம், கலியாணம் கட்ட விரும்பியவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மேலும் கீழும் பார்த்தார்.

"ஆள் வெளியால வடிவுதான்," என்றார் என்னிடம், அவருக்கு முன்னாலேயே. "உள்ள என்ன இருக்கெண்டு வெயிலில வைச்சுப் பாத்தனியோ?"