சோப்பு முகமும் மூன்று அலுவலகங்களும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். எங்கள் குழாயும் நீண்ட படுக்கைக்குப் பின் எழுந்து நடமாடுகிறது. தங்கள் நலமும் தங்கள் வீட்டுக் குழாயின் நலமும் அறிய ஆவல்.

நிற்க. ஓய்வு பெற்ற கையோடு தெருச் சங்கத் தலைவர் பதவி எதற்கு என்று சிரித்தீர்களே, கேளுங்கள். கோடையில் எங்கள் தெரு ஆழ்குழாய்க் கிணறுகள் எல்லாம் தண்ணீரைவிடக் காற்றைத்தான் அதிகம் கொடுத்தன. நகராட்சியில் கேட்டால், குடிநீர் அலுவலகத்து ராட்சத மோட்டார் உறிஞ்சுகிறது என்றார்கள். குடிநீர் அலுவலகத்தில் வயல்காரர்களைச் சொன்னார்கள். விவசாய அலுவலகத்தில், குளத்தைத் தூர்த்து பஸ் ஸ்டாண்ட் கட்டிய நகராட்சியைச் சொன்னார்கள். மூன்று அதிகாரிகளையும் ஒன்றாக உட்கார வைக்கலாமென்றால், ஒருவர் ஆபீஸ் வாசலை இன்னொருவர் மிதிக்க மாட்டாராம். கடைசியில் பொது இடமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முடிவானது.

கூட்டம் எங்கே உருப்படப் போகிறது என்று நான் இன்னும் ஆழமாகத் துளை போட ஒரு லாரிக்கும் சொல்லி வைத்திருந்தேன். அது சரியாகக் கூட்டத்தன்றே வந்து, தெருமுனையில் ரெண்டு சுவருக்கு நடுவுல செருகிக்கிச்சு. அதிகாரிங்க வந்த மூணு ஜீப்பும் தெருவுக்கு உள்ளே! என் முகம் போன போக்கைப் பார்த்து உங்க தங்கச்சி, "அது அடுத்த தெருவுக்கு வந்த லாரி சார்"னு கூசாம சொல்லிட்டா. அதுக்குள்ள டிரைவர் ஜன்னல்ல எட்டிப் பார்த்து, "தலைவரய்யா, துளை முன்பக்கமா, பின்பக்கமா?"ங்கறான்.

மூணு பேரும் கோவிச்சுக்கிட்டு எழுந்தாங்க. எழுந்து எங்க போறது, லாரி அசையலையே! புழுக்கம் தாங்காம நகராட்சி இன்ஜினியர் முகம் கழுவப் போனார். முகம் பூரா சோப்பு போட்ட நேரம் பார்த்து குழாய் கொர்ருன்னு நின்னுடுச்சு. "யாரு மோட்டார்யா ஓடுது?"ன்னு உள்ளேயிருந்து கத்துறார்.

"எங்க வயல் மோட்டாரா இருக்காது"ன்னாங்க விவசாய அதிகாரியம்மா. "எங்களுதும் இல்ல"ன்னார் குடிநீர் அதிகாரி.

"ரெண்டையும் நிறுத்தித்தான் பாருங்களேன், மனுஷனுக்குக் கண்ணு எரியுது"ன்னா உங்க தங்கச்சி. ரெண்டு பேரும் போன் போட்டு நிறுத்தச் சொன்னாங்க. டீ குடிச்சு முடிச்சு நம்ம மோட்டாரைப் போட்டா, குழாய் இருமி இருமி, தண்ணி! இன்ஜினியர் ஈர முகத்தோட ஓடி வந்து ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக்கிட்டார். "அடியில எல்லாருக்கும் ஒரே தண்ணிதான் போலிருக்கே!"

"அதைத்தானே வருஷக்கணக்கா எழுதிட்டிருக்கேன்"னாங்க அந்தம்மா.

அப்புறமென்ன, ஊர் வரைபடத்தைத் தரையில விரிச்சு மூணு பேரும் மண்டி போட்டுட்டாங்க. வயலுக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரம் மோட்டார். மழைத்தண்ணி சாக்கடையில போகாம பழைய கிணறுகள்ல இறங்கணும். யாரும் புதுசா துளை போடக் கூடாது. கடைசி விதியை முன்மொழிஞ்சது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான்! லாரியும் ஒருவழியா பின்னால நகர்ந்து வந்த வழியே போச்சு. மழையும் கொட்டித் தீர்த்துச்சு. இப்போ கிணத்துல தண்ணி மட்டம் ஏறுது. மூணு பேரும் ஒரே ஜீப்ல வந்து சிரிச்சுக்கிட்டே அளக்குறாங்க.

ஆகவே தாங்கள் குடும்பத்தோடு வந்து, ஒரு மாதமாவது தங்கி, எங்கள் தண்ணீர் வளத்தைக் கண்டு களிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் வற்றாமல் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
தெருச் சங்கத் தலைவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மூன்று அலுவலகமும் சேர்ந்து போட்ட முதல் உத்தரவு வந்தது. இவ்வளவு ஒற்றுமையை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் தலைக்கு இவ்வளவுதான் தண்ணீராம். விருந்தாளித் தலை கணக்கில் வராதாம். அதனால் ஒரு மாதம் வேண்டாம், ஒரு பகல் போதும். அவசியம் வாருங்கள், எல்லோரும் அங்கேயே குளித்துவிட்டு.