தாக்குப்பிடித்தலுக்கு ஓர் எடுத்துக்காட்டு

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கே யாவரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். அகராதியில் சேர்க்க, 'தாக்குப்பிடித்தல்' என்ற சொல்லுக்கு வீட்டில் புழங்கும் வாக்கியம் ஒன்று கேட்டிருந்தாய். 'ஈடுகொடுத்து நிற்றல்' என்று நீ போட்டிருக்கும் பொருள் போதாது. எதிராளி ஓய்ந்த பிறகும் நாம் ஓயாமல் இருந்தால்தான் அது தாக்குப்பிடித்தல். என் சம்பந்தி உன் வீட்டுக்கு வந்தால் உனக்கே புரியும்.

போன வாரம் மனிதர் ஒரு கைப்பையோடு வந்தார், காபி குடித்தார், சாப்பிட்டார், தூங்கினார், கிளம்பவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, ஊரையெல்லாம் இறக்கிவிட்டே பழக்கம், தானாக இறங்கத் தெரியவில்லை. தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டு, காலுறை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார். நம் வீட்டில் விருந்தாளிதானே "வரட்டுமா?" என்று முதலில் கேட்க வேண்டும்? கேட்கப்போகிறார் என்று நினைத்து, நான் முந்திக்கொண்டு, "என்ன அவசரம் சம்பந்தி, இருங்க" என்பேன். உடனே பெருமூச்சு விட்டுக் காலுறையைக் கழற்றிவிடுவார்.

நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் முன்னறையில், என் ஸ்டூலில்தான் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். பழுதுபார்க்கக் கொடுத்த மிக்சியைத் திரும்ப வாங்கிப்போக வருகிறவர்கள், அவர் பார்க்கிற பார்வையில் தங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போது நான் படுத்தால் மரியாதை இல்லை என்று என் பகல் தூக்கமும் போயிற்று. உன் அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்து, "போயிட்டு வாங்கன்னு வாயத் திறந்து சொல்லித் தொலைங்களேன்" என்றாள். "சொல்றேன். அப்புறம் நம்ம பொண்ணு அந்த வீட்ல வாழணுமா வேணாமா?" என்றேன். மாமனாரைத் துரத்திவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பினால் குழந்தை அங்கே தலைநிமிர முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் "இருங்க" என்றேன்.

கடைசியில் மகளே போன் செய்தாள். "அப்பா, மாமாவை ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்க? அத்தை இங்க அழறாங்க."

"நானா பிடிச்சு வச்சிருக்கேன்?"

"இவங்க வீட்ல விருந்தாளி தானா கிளம்பினா சண்டைன்னு அர்த்தம்பா. வீட்டுக்காரர்தான் பையை எடுத்துக் கையில குடுத்து அனுப்பணும்."

ஓடிப்போய்ப் பையை எடுத்து நீட்டினேன். சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை இருங்கன்னு சொல்லியிருந்தீங்கன்னா அழுதிருப்பேன் சம்பந்தி!" என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை ஓட்டமும் நடையுமாகப் போனார். ஆக, உன் வாக்கியம் இதோ: 'சம்பந்தி நாள்கணக்கில் தங்கியும் வீட்டுக்காரர் அசராமல் தாக்குப்பிடித்தார்.' தைரியமாக அச்சில் ஏற்று.

உனக்கும் உன் அகராதிக்கும் நீண்ட ஆயுள் உண்டாகட்டும். நோய்நொடி உன் வாசலை மிதிக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள், மனஸ்தாபம் ஏதும் இல்லையே என்று பார்த்துவர உன் அக்காவோடு சம்பந்தி வீட்டுக்கு வந்தேன், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பலாம் என்று. வந்து ஐந்து நாளாகிறது. காலுறை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நம் வீட்டு வழக்கத்தை மகள் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாளாம். நானாகக் கேட்கட்டும் என்று அவர் மரியாதையாகக் காத்திருக்கிறார். கேட்டால் சண்டை என்று சம்பந்தியம்மா அழுவார். மேலே எழுதிய வாக்கியத்தை அடித்துவிடு. போன் இவர்கள் கூடத்தில் இருக்கிறது, என்னால் பேச முடியாது. கடிதம் கிடைத்ததும் உனக்கு உடம்பு சரியில்லை, எங்களை உடனே அனுப்பிவையுங்கள் என்று நீயே இந்த வீட்டுக்குப் போன் செய்து சொல். கொஞ்சம் பெரிய வியாதியாகவே இருக்கட்டும்.